சுவருக்குள் மூன்று மண்

பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் வூஜோ என்று ஒரு சின்ன ஊர். அதன் ஓரத்தில், கல்சுவர் சூழ்ந்த ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பெயர் க்ளோ த வூஜோ. ‘க்ளோ’ என்றால் சுற்றுச்சுவர் எழுப்பிய தோட்டம். பரப்பு 50 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் சுமார் 125. சிதோ மடத்துத் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து துண்டு துண்டாக நிலம் சேர்த்து, 1336 வாக்கில் சுவரைக் கட்டி முடித்தார்கள். உள்ளே பயிராவது பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை. எல்லாக் கொடிக்கும் விழுவது அதே மழை, அதே வெயில். மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடிக்கு நடந்துபோகப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

ஆனால் மண்வெட்டியோடு நடந்தால் வேறு கதை தெரியும். மேல்கோடியில் ஒரு முழம் தோண்டுவதற்குள் சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும். நடுப்பகுதியில் சரளையோடு களி கலந்து வரும். நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்க்கோடியில் இரண்டு முழம் போனாலும் களிமண்தான். மழை பெய்த மறுநாள் மேலே தண்ணீர் வடிந்து மண் பொலபொலவென்று கிடக்கும்போது, கீழே ஈரம் கொடியின் வேரைச் சூழ்ந்து நிற்கும். மேல்பகுதிப் பழத்தில் செய்த ஒயினில் மணம் துலங்கி நிற்கும், துவர்ப்பு மென்மையாக இருக்கும், இருபது முப்பது வருடம் பாதாள அறையில் தாங்கும். கீழ்ப்பகுதி ஒயின் பெரும்பாலான ஆண்டுகளில் கனமாகவும் மந்தமாகவும் வரும். மேல்பகுதி ஒயின் போப்பாண்டவருக்கு, நடுப்பகுதி ஆயர்களுக்கு, கீழ்ப்பகுதி துறவிகளுக்கே என்று ஒரு பழங்கதை அங்கே உலவுகிறது. கதைக்கு ஆவண ஆதாரம் இல்லாவிட்டாலும், அதைக் கட்டியவர்களுக்குத் தோட்டத்தின் குணம் அத்துப்படி.

இப்படி ஓர் இடம் தன் விளைச்சலில் பதிக்கும் அடையாளத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘தெர்வார்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கிறார்கள். மண், சரிவு, வெயில் விழும் திசை, மழை, காற்று, அங்கே காலங்காலமாக உழைத்தவர்களின் பழக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த நமக்கு இந்த யோசனை அந்நியமாகத் தோன்றாது. குறிஞ்சிக்கு ஒரு பூ, ஒரு தொழில், ஒரு மனநிலை என்று நிலத்தை வைத்து வாழ்வை வகுத்த மரபு நம்முடையது. ஆனால் பிரான்ஸிலேயே இந்தச் சொல்லுக்கு எப்போதும் மரியாதை இருந்ததில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஓர் ஒயினில் ‘தெர்வார் ருசி’ அடிக்கிறது என்றால் பட்டிக்காட்டு மண் நாற்றம் அடிக்கிறது என்று பொருள். வசையாக இருந்தது புகழ்ச்சியாக மாறியது பின்னால்தான்.

அந்தப் பழைய வசையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. இடத்தின் குணம் என்றதும் பலர் மனத்தில் தோன்றும் சித்திரம் இது: வேர் பாறைக்குள் இறங்குகிறது, பாறையின் சுவையை உறிஞ்சுகிறது, அந்தச் சுவை பழம் வழியாகக் கோப்பைக்கு வருகிறது. சுண்ணாம்பு மண்ணில் விளைந்தால் சுண்ணாம்புச் சுவை, கருங்கல்லில் விளைந்தால் கருங்கல் சுவை. புட்டியின் பின்பக்கச் சீட்டிலும் உணவக விளம்பரங்களிலும் இதைத்தான் ‘கனிமச் சுவை’ என்று எழுதுகிறார்கள். வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்து நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகளாகப் பொறுமையாக மறுத்துவருகிறார். பாறைக்கு அநேகமாக மணமும் இல்லை, ருசியும் இல்லை. வேர் பாறையைத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த சில தாதுக்களை மட்டும் மிகச் சிறிய அளவில் எடுத்துக்கொள்கிறது. ஒயினில் எஞ்சும் அந்தத் தாதுக்களின் அளவு நம் நாக்கு உணரும் எல்லைக்குக் கீழே இருக்கிறது. பழத்தின் சர்க்கரையை இலை காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் செய்கிறது. மணப்பொருட்களைப் பழமும், பிறகு நொதிக்கும் ஈஸ்டும் செய்கின்றன.

மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கவிதை எழுதுகிற அந்த வாசனைகூட மண்ணுடையது கிடையாது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியாஸ்மின் என்ற வேதிப்பொருள் அது. அதே ஜியாஸ்மின் ஒயினில் கொஞ்சம் தென்பட்டாலும் அந்த ஒயின் பழுதானது என்று ஒதுக்கிவிடுவார்கள். பூஞ்சை பிடித்த குலைகளிலிருந்து அது வருகிறது. மண்வாசனை நேரடியாகக் கோப்பைக்கு வந்துவிட்டால் அது குறைபாடு. ‘பட்டிக்காட்டு நாற்றம்’ என்று பழைய பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளித்தது அநேகமாக இப்படிப்பட்ட ஒயின்களைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் மேல்கோடிக்கும் கீழ்க்கோடிக்கும் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருகிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பன்னீர் திராட்சையை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிறிப்போய், பச்சை கலந்த கண்ணாடி போல இருக்கும். கறுப்பு முழுவதும் தோலில்தான். பினோ நுவாரும் அப்படித்தான். சிவப்பு ஒயினின் நிறம், துவர்ப்பு, மணத்தின் பெரும்பகுதி எல்லாம் தோலில் இருக்கின்றன. சாற்றில் சர்க்கரையும் புளிப்பும் இருக்கின்றன. மேலைநாட்டார் டானின் என்று சொல்வது நம் அறுசுவையில் உள்ள அதே துவர்ப்புதான். பாக்கைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது. ஆகவே பழம் சிறுத்தால் சாற்றுக்கு ஈடாகத் தோலின் பங்கு கூடும், ஒயினில் நிறமும் சாரமும் ஏறும். பழம் பருத்தால் எல்லாம் நீர்த்துப்போகும். பழம் சிறுப்பதா பருப்பதா என்பதை, கொடிக்கு எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

கொடிக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அது பழத்தைப் பற்றிக் கவலைப்படாது. தழைத்துக்கொண்டே போகும், நுனி வளர்ந்துகொண்டே இருக்கும், இலை நிழலில் குலை மறைந்துவிடும். தண்ணீரே இல்லாவிட்டால் இலை கருகும், பழுப்பது பாதியில் நின்றுபோகும். நல்ல ஒயினுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள அரைத்தாகம். வசந்தத்தில் தளிர்க்கவும் பூக்கவும் போதுமான ஈரம் இருக்க வேண்டும். பிறகு, காய் செங்காயாகும் சமயத்தில் ஈரம் மெல்ல மெல்லக் குறைய வேண்டும். அப்போது கொடி நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு தன்னிடம் இருப்பதையெல்லாம் பழத்துக்கு அனுப்பும். க்ளோ த வூஜோவின் மேல்பகுதி இந்த வேலையைத் தானாகவே செய்கிறது. மேல் மண் ஆழமில்லாததால் உபரித் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது. அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் நுண்துளைகளும் உண்டு. அவை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கீழ்ப்பகுதிக் களிமண்ணோ மழையில் ஊறி, ஈரமும் குளிர்ச்சியுமாகக் கிடக்கும். குளிர்ந்த மண்ணில் கொடி தாமதமாக விழிக்கும், பழம் தாமதமாக முதிரும்.

பிரான்ஸின் இன்னொரு ஒயின் பிரதேசமான போர்தோவின் மண்ணை ஆராய்ந்த ஜெரார் செகான் இதைத்தான் சில பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுசொன்னார். அங்கே மெடோக் பக்கம் சரளை மண்ணில் சிறந்த ஒயின் விளைகிறது, பொமெரோல் பக்கம் கெட்டிக் களிமண்ணில் சிறந்த ஒயின் விளைகிறது. வேதியியல் பட்டியலைப் பார்த்தால் இரண்டு மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, கொடிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் திறன். பின்னர் அதே போர்தோவில் கார்னேலிஸ் வான் லீவன் குழுவினர் மூன்று திராட்சை இனங்களை மூன்று வகை மண்ணில் வைத்து 1996 முதல் 2000 வரை ஐந்து அறுவடைகளைக் கவனித்தார்கள். 2004இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, பழத்தின் தன்மையில் அந்தந்த ஆண்டின் வானிலையும் மண்ணும் ஏற்படுத்திய வேறுபாடு, திராட்சை இனம் ஏற்படுத்தியதைவிடப் பெரிது. அவை இரண்டும் பெருமளவு வேலை செய்தது கொடியின் தாகத்தின் வழியாக. இடத்தின் குணத்தைக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த ஆய்வைத்தான். பாறையின் ருசி என்ற கதை விழுந்துவிட்டதால் இடமே பொய் என்று ஆகிவிடாது. இடம் வேலை செய்கிறது. நாம் நினைத்த வழியில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

வூஜோ அமைந்திருக்கும் கோட் தோர் சரிவு முழுவதையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். டிஜோன் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளும் மெல்லிய பட்டை அது. பல இடங்களில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் படிவங்கள், பிற்காலத்தில் சோன் ஆற்றுச் சமவெளி கீழே அமிழ்ந்தபோது பிளந்து, கிழக்குப் பார்த்த சரிவாக நின்றுவிட்டன. உச்சியில் மண் மிக மெல்லிசு, காற்றும் குளிரும் அதிகம். அடியில் மண் தடிமன், ஈரமும் அதிகம். நடு இடுப்பில் காலை வெயில் நன்றாக விழும், தண்ணீர் வடியும், அரைத்தாகம் அமையும். பர்கண்டியின் பேர்பெற்ற முதல்தரத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்த இடுப்பில்தான் இருக்கின்றன. ரொமானே கோந்தி 1.8 ஹெக்டேர், நாலரை ஏக்கர் மட்டுமே. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று அங்கே விளைகிறது. சரிவில் சில நூறு மீட்டர் கீழே அதே பினோ நுவார் ஊர்ப்பெயரோடு மட்டும், அதன் விலையில் மிகச் சிறு பங்குக்கு விற்கிறது.

இப்படித் தனிப்பெயரும் தனிக்குணமும் கொண்ட துண்டு நிலத்தைப் பர்கண்டியில் ‘கிளிமா’ என்கிறார்கள். அந்தச் சரிவில் 1,247 கிளிமாக்கள் இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

தண்ணீருக்கு அடுத்தது வெப்பம். பழம் முதிரும்போது இரண்டு காரியங்கள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன: சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் இருக்கும் ஒவ்வொரு 17 கிராம் சர்க்கரையும் நொதித்த பிறகு ஏறத்தாழ ஒரு சதவீத ஆல்கஹால் ஆகிறது. புளிப்பில் முக்கியமானவை டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு அமிலங்கள். டார்டாரிக் ஓரளவு நிலையாக நிற்கும். மாலிக்கை, வெப்பம் கூடக் கூட, பழமே மூச்சுவிடுவதில் எரித்துவிடும். அதனால் வெயில் ஊரில் சர்க்கரை சீக்கிரம் ஏறி, புளிப்பு சீக்கிரம் போய், மணம் முதிர்வதற்குள்ளேயே அறுக்க வேண்டியதாகிறது. பகல் சூடு இருந்தாலும் இரவு குளிர்ந்தால் புளிப்பு தப்பிக்கும். ஜெர்மனியின் மோசல் ஆற்றுக்கரை வெயில் ஊருக்கு எதிர்க்கோடி. வடக்கே 50ஆவது பாகையில், திராட்சை பழுப்பதே பெரும்பாடு என்ற குளிரில், செங்குத்தான கரைகளில் கறுத்த பலகைக்கல் பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் திருப்பிக் கொடுக்கிறது. அங்கே கல்லின் வேலை ருசி தருவதல்ல, கணப்பு மூட்டுவது.

பர்கண்டி இருப்பது 47ஆவது பாகையில். நம் கம்பம் பள்ளத்தாக்கு பத்தாவது பாகைக்கும் சற்றுக் கீழே. கம்பத்தில் குளிர்காலம் என்பது இல்லாததால் கொடி தூங்குவதே இல்லை. விவசாயி கவாத்து செய்யும் நாள்தான் அதற்குப் புத்தாண்டு. பந்தலில் படர்ந்து ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் குலை பழுத்துக்கொண்டே இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமையே அந்த ஆண்டு முழுவதுமான அறுவடைதான். பர்கண்டியில் கொடி இடுப்பளவுக்கு மேல் உயராது. தரையின் கதகதப்பை விடாமல் வாங்கும்படி கம்பியில் தாழக் கட்டியிருப்பார்கள். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் பத்தாயிரம் கொடிகள், ஆண்டுக்கு ஒரே அறுவடை. நீண்ட பகல், மெதுவாக இறங்கும் வெயில், செப்டம்பரின் குளிர்ந்த இரவு ஆகியவற்றோடுதான் பினோ நுவாரின் மெல்லிய தோல் ஒத்துப்போகிறது. சூடான ஊரில் நட்டால் அது நளினத்தை இழந்து, காய்ச்சிய பழப்பாகு போல மணக்கத் தொடங்கிவிடும்.

இடம் நேராகக் கோப்பைக்குள் வந்து உட்காரும் தருணங்களும் உண்டு. ஆஸ்திரேலிய ஷிராஸ் ஒயின் சிலவற்றில் மிளகு மணக்கும். பல காலம் அதை வர்ணனை என்றே நினைத்திருந்தார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தார் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: ரொட்டண்டோன் என்ற மூலக்கூறு. நம் அடுக்களை மிளகில் மணப்பதும் அதே மூலக்கூறுதான். குளிர்ந்த இடத்துப் பழத்தோலில் அது அதிகம் சேர்கிறது. விக்டோரியா மாநிலத்தில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே, வெயில் குறைவாக விழும் பக்கத்துக் கொடிகளில் மிளகு மணம் கூடுதலாக இருப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. அதேபோல், யூகலிப்டஸ் மரங்களின் ஓரத்தில் உள்ள வரிசைகளிலிருந்து எடுத்த ஒயினில் தைல மணம் தூக்கலாக இருக்கும். மரத்திலிருந்து காற்றில் வரும் எண்ணெய் பழத்தோலில் படிகிறது. உதிர்ந்த இலையும் குலையோடு சேர்ந்து தொட்டிக்குள் போகிறது. காட்டுத்தீப் புகை சூழ்ந்த ஆண்டுகளில் ஒயின் சாம்பல் நாற்றம் அடிப்பதற்கும் இதுவே வழி. இவற்றில் பாறைக்கு எந்தப் பங்கும் இல்லை.

இவ்வளவு சொல்லியும் பாதிதான் ஆகியிருக்கிறது. மீதிப் பாதி மனிதர்கள்.

கோட் தோர் சரிவு பினோ நுவாருக்கென்றே படைக்கப்பட்டது போல இன்று தெரிகிறது. ஆனால் 1395இல் பர்கண்டிக் கோமகன், துணிச்சல்காரர் என்ற பட்டம் கொண்ட ஃபிலிப், கமே என்ற திராட்சையை ‘நம்பிக்கைத் துரோகக் கொடி’ என்று ஏசி, அதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். கமே அள்ளிக் கொடுக்கும். பினோ நுவார் கிள்ளித்தான் கொடுக்கும். விவசாயிகள் எதை விரும்பியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிகாரம் தலையிட்டுத்தான் அந்த மண்ணும் அந்தக் கொடியும் சேர்ந்து நின்றன. அதற்கு முன்பே துறவிகள் தலைமுறை தலைமுறையாக எந்தத் துண்டில் பனி முதலில் உருகுகிறது, எந்தத் துண்டுப் பழம் முந்திப் பழுக்கிறது என்று பார்த்துவந்தார்கள். மடத்துக்குச் சாவு கிடையாது. ஒருவர் கவனித்ததை அடுத்தவர் தொடர முடிந்தது. என் பார்வையில் பர்கண்டியின் உண்மையான மூலதனம் இந்த அறுபடாத கவனிப்புதான். இதே போன்ற சுண்ணாம்புச் சரிவுகள் உலகில் வேறு எங்கும் இல்லாமலா போய்விட்டன? அங்கெல்லாம் இத்தனை காலம் கூர்ந்து பார்க்க ஆள் இருந்ததில்லை.

பழங்காலத்திலும் ஒயினின் ஊர்க்குணத்தை மனிதக் கை தீர்மானித்ததற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோதும் அதற்குப் பின்னும் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் பாணிச் சாடிகளும் உண்டு. கோஸ் ஒயினுக்குப் பேர் வாங்கித் தந்தது அங்கத்திய மண் மட்டும் அல்ல, அதில் அவர்கள் கலந்த கடல்நீரும்தான். சங்கப் பாடல்கள் பாராட்டும் யவனர் தேறலில் ஒருவேளை அந்த உப்பும் இருந்திருக்கலாம்.

சட்டம் நுழைந்த கதையும் இங்கே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் கொடிகளை அழித்தது. தட்டுப்பாட்டில் கலப்படமும் பெயர் மோசடியும் பெருகின. வெளியூர்த் திராட்சையை வாங்கி ஷாம்பெயின் என்று விற்ற வணிகர்களுக்கு எதிராக 1911இல் ஷாம்பெயின் பகுதி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கிடங்குகள் எரிந்தன, தெருவில் ஒயின் ஓடியது. ஊர்ப்பெயர் என்பது பயிரிடுகிறவனின் சோறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதற்றத்தின் தொடர்ச்சியாகத்தான் 1935இல், எந்தப் பெயரை எந்த எல்லைக்குள் எந்தத் திராட்சைக்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் தேசிய அமைப்பு பிரான்ஸில் உருவாயிற்று. இன்று நம் புவிசார் குறியீடுகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் அதே வழிவந்ததுதான்.

அந்தச் சட்டம் க்ளோ த வூஜோவுக்கு வந்தபோது என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. மண்ணைப் பார்த்து மூன்றாகப் பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து, உள்ளே இருப்பது முழுவதற்கும் முதல்தரப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது. நெடுஞ்சாலையோரக் களிமண்ணுக்கும் அதே பட்டம். துறவிகளின் கையில் அது ஒரே தோட்டம். பல பகுதிப் பழங்களையும் கலந்து சமன்செய்ய முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறிக்கப்பட்டு, பிறகும் 1889 வரை ஒரே உடைமையாக இருந்த நிலம், அதன்பின் விற்பனையிலும் பாகப்பிரிவினையிலும் சிதறி, இப்போது சுமார் எண்பது பேர் கையில் இருக்கிறது. சிலருக்குச் சில வரிசைகள் மட்டுமே. புட்டியின் மேல் எல்லாருக்கும் ஒரே பெயர். எந்த மூலைப் பழம் என்பதை முகப்புச் சீட்டு சொல்லாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அங்கே நிலத்தின் பெயருக்கு முன் விளைவித்தவரின் பெயரைப் படிக்கிறார்கள். மேல்கோடியில் அசட்டையாகப் பயிர் செய்தவரைவிட, கீழ்க்கோடியில் குலைகளைக் குறைத்து, பொறுமையாக அறுத்தவர் நல்ல ஒயின் செய்துவிட முடியும். இடம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதைக் கெடுப்பதும் காப்பதும் கை.

ட்ரூவான் குடும்பத்தின் அனுபவம் இதன் மறுபக்கம். பர்கண்டியின் போன் நகரத்தில் பல தலைமுறைகளாக ஒயின் செய்யும் அவர்கள் 1987இல் அமெரிக்காவின் ஓரிகனில் நிலம் வாங்கினார்கள். அதே பினோ நுவார், அதே குடும்பத்துக் கைப்பக்குவம். மண் மட்டும் எரிமலைச் செம்மண், வானம் பசிபிக் கடலோரத்தினுடையது. விளைந்த ஒயினைப் பர்கண்டி என்று யாரும் மயங்க மாட்டார்கள். உறவுக்காரர் சாயல் தெரியும். பேச்சு வேறு ஊர்ப் பேச்சு.

இப்போது பொழுது மாறிக்கொண்டிருக்கிறது. போன் நகரத்தின் அறுவடைத் தேதிகள் 1354 முதல் ஆவணங்களில் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர்கள் அவற்றை 2018 வரை தொடுத்து ஒரே வரிசையாக்கியிருக்கிறார்கள். 1354 முதல் 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28 வாக்கில் அறுவடை தொடங்கியது. 1988க்குப் பிறகு அது சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுகள் பெரிதாக அசையாமல் நின்ற ஒன்று முப்பதே ஆண்டுகளில் நகர்ந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியின் குளிர்ந்த இரவுகளில் முதிர்ந்துவந்த பழம் இன்று ஆகஸ்ட் வெயிலிலேயே முதிர்கிறது. கொடி முந்தித் தளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனிக்கும் அதிகமாக அகப்படுகிறது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுவதும் அந்தப் பனி விழுந்தபோது, வரிசைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான தீச்சட்டிகளை ஏற்றி வைத்து விடிய விடியக் காத்தார்கள். வடக்கே ஷாப்லியில் வேறு உபாயம்: தளிர் மேல் இரவு முழுவதும் தண்ணீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது விடும் வெப்பத்தில், பனிக்கட்டி உறைக்குள் தளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பிழைத்துக்கொள்ளும். விடிந்ததும் தோட்டம் முழுவதும் கண்ணாடி மொட்டுகளாக நிற்கும்.

முன்பு பழம் சரியாகப் பழுக்காது என்று ஒதுக்கிய உயரமான, குளிர்ந்த பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளை இப்போது பர்கண்டிக்காரர்கள் தேடிப் போகிறார்கள். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியும் ஆட்கள் போயிருக்கிறார்கள். தெதாஞ்சே என்ற ஷாம்பெயின் நிறுவனம் 2017இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதிச் சுண்ணாம்பு மண்ணில் கொடி நட்டது.

வூஜோவின் சுவருக்குள்ளும் கணக்கு புரளத் தொடங்கியிருக்கிறது. பர்கண்டியில் கொடிக்குத் தண்ணீர் பாய்ச்ச விதிகள் அனுமதிப்பதில்லை. வானம் கொடுத்ததை மண் எவ்வளவு காலம் வைத்திருக்கிறதோ அவ்வளவுதான். மழை பொய்த்த கோடைகளில் மேல்கோடியின் ஒரு முழ மண் சீக்கிரம் காய்ந்துவிட, அரைத்தாகம் முழுத்தாகமாகிக் கொடியின் இலை ஓரம் கருகத் தொடங்குகிறது. அந்த வாரங்களில் கீழ்க்கோடிக்குப் போனால், துறவிகளுக்கென்று கதை ஒதுக்கிவைத்த அந்தக் கெட்டிக் களிமண் அடியில் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. அதன் மேல் நிற்கும் கொடிகளில் இலை பச்சையாக, குலை நிதானமாகப் பழுத்துக்கொண்டிருக்கிறது.